எலுமிச்சம்பழப் பருமனில் ஒரு கம்பி

எங்கள் மாடி வீட்டுச் சின்னப்பெண் போன வாரம் ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கையில் கறுப்பாக, குட்டையாக, ஒரு ரப்பர் உருளை. நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தது, வெண்டைக்காயைக் கீறி வைத்த மாதிரி.

“மாமா, இது எங்க அண்ணனோட ஜிம் பையில இருந்துச்சு. இதை இரும்புக் கம்பி மேல மாட்டிக்கிட்டுத்தான் எடை தூக்குவானாம். கம்பி மெலிசா இருந்தாத்தானே பிடிக்க சுலபம்? வேணும்னே யாராவது அதைக் குண்டாக்குவாங்களா?”

பார்த்தாயா கண்ணு, எவ்வளவு கெட்டிக்காரக் கேள்வி! அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். “கைக்கு நல்லது, போ”ன்னு விரட்டிவிட்டானாம். அதற்காக அவள் விட்டுவிடவில்லை, என்னிடம் வந்துவிட்டாள். நீயும் அவளைப் போலத்தான் என்று எனக்குத் தெரியும். வா, பக்கத்தில் உட்கார். இதை நாம் மூன்று பேருமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் உன் வலது கையை நீட்டு. இடது கையால் உன் முன்கையைப் பிடித்துக்கொள். முன்கை என்றால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிற பகுதி. முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, சதைப்பிடிப்பான இடமாகப் பார்த்துப் பிடி. பிடித்தாயா? இப்போது வலது கை விரல்களை ஹார்மோனியம் வாசிப்பது போல ஆட்டு.

என்ன தெரிகிறது? தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிறதா? ஆட்டியது விரலை, அசைந்தது முன்கை. வேடிக்கையாக இல்லை?

ரகசியம் இதுதான். உன் விரல்களை மடக்கி நீட்டும் தசை விரல்களுக்குள் இல்லவே இல்லை. அங்கே எலும்பும் மூட்டும் தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான். உள்ளங்கையில் சில சின்னத் தசைகள் உண்டு. ஆனால் இறுக்கிப் பிடிக்கிற பெரிய தசைகளெல்லாம் முன்கையில் குடியிருக்கின்றன. அங்கிருந்து கயிறு போட்டு விரல்களை இழுக்கின்றன. அந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர்.

பட்டம் விட்டிருக்கிறாய் அல்லவா? நீ நிற்பது மொட்டை மாடியில். பட்டம் ஆடுவது ஆகாயத்தில். நடுவில் நூல். இங்கே நீ ஒரு சுண்டு சுண்டினால் அங்கே பட்டம் தலையாட்டும். முன்கைத் தசைதான் நீ, விரல்தான் பட்டம். மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்பும் நாரும் சேர்ந்து ஒரு குட்டிச் சுரங்கப்பாதை அமைத்திருக்கின்றன. விரல்களை மடக்கும் 9 நாண்கள் அதன் வழியாகத்தான் போகின்றன. கட்டை விரலுக்கு ஒன்று, மற்ற நான்கு விரல்களுக்கும் இரண்டிரண்டு. கூட்டிப் பார், சரியாக வரும்.

அப்படியென்றால் ‘பிடி பலம்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் முன்கையின் பலம். இது புரிந்துவிட்டதா? புரிந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் இன்னொரு தரம் விரலை ஆட்டிப் பார், நான் காத்திருக்கிறேன்.

சரி, இப்போது கம்பிக்கு வருவோம். ஒலிம்பிக்கில் ஆண்கள் எடை தூக்கும் கம்பியின் கைப்பிடி 28 மில்லிமீட்டர் குறுக்களவு. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதே பருமன்தான். பெண்களுக்கான கம்பி இன்னும் மெல்லியது, 25 மில்லிமீட்டர். அண்ணனின் ரப்பர் உருளையை மாட்டினால் அது 5 சென்டிமீட்டருக்கு மேல் பருத்துவிடும். நல்ல எலுமிச்சம்பழப் பருமன் என்று வைத்துக்கொள்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? வட்டத்தின் சுற்றளவுக்குக் குறுக்களவை 22/7 ஆல் பெருக்க வேண்டும். 28-ஐப் பெருக்கினால் 88 மில்லிமீட்டர். இன்னொரு கம்பி, 49 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதைப் பெருக்கினால் 154. (இந்த 49-ஐ நான் எங்கே பிடித்தேன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். ஏழால் வகுபடுகிறதே என்று நானாகத் தேர்ந்தெடுத்த எண் அல்ல, சத்தியமாக!)

இப்போது 88 மில்லிமீட்டர் நூல் ஒன்றும் 154 மில்லிமீட்டர் நூல் ஒன்றும் வெட்டி உன் விரல் மேல் வைத்துப் பார். முதல் நூல் அளவு சுற்றளவுள்ள கம்பியை விரல்கள் முழுக்கச் சுற்றி வளைத்துவிடும். கட்டை விரல் மற்ற விரல்களின் மேல் வந்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். இரண்டாவது நூலில் அது நடக்காது. விரல் நுனிக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இடைவெளி விழும். தாழ்ப்பாள் இல்லாத கதவு.

கதவு என்றதும் இன்னொன்று. உங்கள் வீட்டுக் கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பார். நகரவே மறுக்கும். கைப்பிடி இருக்கிற ஓரத்தில் தள்ளு. ஒரே விரலால் திறந்துவிடும். கீலிலிருந்து தள்ளிப் போகப் போகத் தள்ளுகிறவனுக்கு லாபம்.

உன் விரலிலும் கீல்கள் உண்டு. அவைதான் மூட்டுகள். மெல்லிய கம்பியின் எடை விரல்களின் மடிப்புக்குள், கீலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. விரல் ஒரு கொக்கி போல வளைந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. பருத்த கம்பியோ விரல் நுனிப் பக்கம் போய் அழுத்துகிறது. கதவின் ஓரத்தைப் பிடித்து யாரோ திறக்கப் பார்ப்பது போல, எடை உன் விரல்களைத் திறக்கப் பார்க்கிறது. மூடி வைக்க முன்கை இன்னும் அதிகமாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆக, கம்பியைப் பருமனாக்கினால் எடை கூடவில்லை. கைதான் அந்த இடத்தில் இளைத்துப்போகிறது.

“மாமா, பொய் சொல்றீங்க!” என்று இந்த இடத்தில் அவள் குறுக்கிட்டாள். “தண்ணி வாளியோட கம்பிப் பிடி மெலிசுதான். அதுதான் விரலை அறுக்குது. துணி சுத்துனா நல்லா இருக்குதே?”

மடக்கினாள் பார்த்தாயா! அவள் சொன்னதும் சரிதான். ஆனால் அது தோலின் வலி. மொத்த எடையும் ஒரு கோடு மாதிரி மெல்லிய இடத்தில் அழுத்துவதால் வருவது. கொஞ்சம் துணி சுற்றினால் எடை பரவிவிடும், வலி குறையும். அதற்காக மேலும் மேலும் சுற்றிக்கொண்டே போனால், தோல் சந்தோஷப்படும், தசை அழும். பெரியவர்களின் கைக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் பருமன்தான் பெரும்பாலும் வசதி. கடப்பாரை, மண்வெட்டி, கிரிக்கெட் மட்டை எல்லாவற்றின் பிடியையும் ஒரு நாள் அளந்து பார். அந்தப் பக்கமாகத்தான் நிற்கும். யாரும் பாடம் படித்துச் செய்ததில்லை. கை சொன்னதைத் தச்சரும் கொல்லரும் கேட்டுக்கொண்டார்கள்.

இப்போது அந்த 49-இன் கதை. இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

பிரான்ஸ் நாட்டில் லூயி யூனி என்று ஒரு பலசாலி இருந்தார். 1862-இல் பிறந்தவர். ‘அப்போலோன்’ என்ற பெயரில் மேடையில் வித்தை காட்டுவார். அவரிடம் ரயில் சக்கரங்கள் இரண்டு இருந்தன, நடுவில் ஓர் இரும்பு அச்சு. எல்லாம் சேர்ந்து 166 கிலோ. அச்சின் பருமன்? 49 மில்லிமீட்டர். நம் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ‘அப்போலோனின் சக்கரங்கள்’ என்றால் பலசாலிகள் உலகத்தில் இன்றைக்கும் மரியாதை.

இனிமேல்தான் விஷயமே. அமெரிக்காவில் ஜான் டேவிஸ் என்று ஒரு பளுதூக்கும் வீரர். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அங்கே அவர் 177.5 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். அடுத்த ஆண்டு பாரிஸில் அவர் முன்னால் அப்போலோனின் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள்.

177.5 தூக்கியவருக்கு 166 எம்மாத்திரம் என்றுதானே நினைக்கிறாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டேவிஸின் கை அவர் உடம்புக்குச் சிறியது. அச்சைச் சுற்றி விரல்கள் வளையவில்லை. முதுகும் காலும் தயாராக இருக்கின்றன, பிடி வழுக்குகிறது!

கடைசியில் அவர் ஒரு தந்திரம் செய்தார். ஒரு கையை மேலிருந்து வைத்தார், மறு கையைக் கீழிருந்து கொடுத்தார். ஏன் தெரியுமா? உருண்டையான கம்பி விரல் நுனிப் பக்கமாக உருண்டு வெளியே ஓடப் பார்க்கும். கைகளை எதிரெதிராக வைத்தால், ஒரு கையை விட்டு ஓடப் பார்க்கும் கம்பி மறு கைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அப்படியே இழுத்து, கம்பி மேலே வரும்போது அந்தரத்திலேயே ஒரு கையை எடுத்துத் திருப்பிப் பிடித்து, பிறகு தலைக்கு மேல் தூக்கிவிட்டார். 166 கிலோ கீழே விழுவதற்குள் கையை மாற்றுவது என்றால் யோசித்துப் பார். எனக்கு ஓடுகிற பேருந்தில் கை மாற்றிப் பிடிப்பதற்கே வியர்க்கும்.

அவருக்கு முன்னால் 1930-இல் பிரான்ஸின் சார்ல் ரிகூலோ என்ற ஒலிம்பிக் வீரர் அதைத் தூக்கியிருந்தார். 1954-இல் நார்பர்ட் ஷெமான்ஸ்கி என்ற அமெரிக்கரும் தூக்கினார். அதுவரை இவ்வளவு சின்னப் பட்டியல்.

இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்பவர் இன்னும் குறும்புக்காரர். 78 கிலோ எடையில் ஒரு டம்பெல் வைத்திருந்தார். அதன் பிடி ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் பருமன். முடிந்தால் ஒரு கையால் தூக்குங்கள் பார்க்கலாம் என்று ஊர் ஊராகச் சவால் விட்டார். பெரிய பெரிய பயில்வான்கள் வந்தார்கள், தரையை விட்டுக் கிளப்பவே திணறினார்கள். எடையைப் பார்த்து வந்தவர்கள் பருமனிடம் தோற்றார்கள். பாவம்.

சரி, அண்ணன் இதை ஏன் தெரிந்தே செய்கிறான்?

ஒரு சங்கிலியை நினைத்துக்கொள். இழுத்தால் எந்தக் கண்ணி அறும்? மிக மெலிந்த கண்ணிதானே. எடை தூக்கும்போது கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் கண்ணிகள். விரல்தான் கடைசிக் கண்ணி. மெல்லிய கம்பியில் அது ஒளிந்து தப்பித்துவிடுகிறது. பருத்த கம்பியில் தப்ப முடியாது. வேலை முழுவதும் முன்கைக்குப் போய்ச் சேரும்.

வேலை கொடுத்தால் தசை என்ன செய்யும்? உடனே பருத்துவிடாது. முதல் சில வாரங்களில் நடப்பது வேறு. பள்ளிக்கூட மணி அடித்ததும் முதல் நாள் எப்படி இருக்கும்? பாதிப் பேர் வரிசைக்கு ஓடுவார்கள், ஒருவன் தண்ணீர் குடிப்பான், ஒருத்தி செருப்பைத் தேடுவாள். ஒரு மாதம் போனால் மணி அடித்ததும் எல்லோரும் டக்கென்று வரிசையில் நிற்பார்கள். உன் மூளை அடிக்கிற மணிக்கும் தசை இழைகள் எல்லாம் முதல் நாளே ஓடி வருவதில்லை. பழகப் பழகத்தான் அதிக இழைகள் ஒன்றாக வேலைக்கு வருகின்றன. இழைகள் தடிமன் ஆவது அதற்குப் பிறகு, மெதுவாக. தசைநாண் இன்னும் மெதுவாகவே உறுதியாகும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அவசரப்பட்டவர்களுக்கு முழங்கையில் வலி வருவது இதனால்தான்.

அண்ணனிடம் நீ ஒன்று சொல்லலாம். எல்லாப் பயிற்சிக்கும் இந்த ரப்பரை மாட்டினால் கை முதலில் களைத்துவிடும். முதுகும் காலும் ‘எங்களுக்கு வேலையே வரவில்லையே’ என்று சும்மா நிற்கும். சில பயிற்சிக்கு மாட்டினால் போதும். விளம்பரத்தில் இதை மாட்டினால் உடம்பு முழுக்கப் பருத்துவிடும் என்கிற மாதிரி சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை.

இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. எழுந்து நில். ஒரு பேனாவை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடி. மணிக்கட்டைப் பார். லேசாகப் பின்பக்கம் வளைந்திருக்கிறதா? யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி நிற்கும். இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக, உன் முன்கையைத் தொடுவது போல முடிந்தவரை மடக்கு. பேனாவை விடாதே. தங்கையிடம் அதை உருவச் சொல்.

உருவிவிட்டாளா? உன் பலம் எங்கே போயிற்று?

கோயில் தேரை நினைத்துக்கொள். வடம் நீளமாக இருக்கிறது, இழுக்க நூறு பேர் நிற்கிறார்கள். வடத்தை எல்லோரும் எட்டிப் பிடித்தால் தேர் நகரும். வடம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டால்? நாலு பேர்தான் பிடிப்பார்கள். வடம் சுருண்டு எல்லோரும் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டால்? இழுக்கவே இடம் இருக்காது. தசைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. தடித்த இழைகளிலிருந்து குட்டிக் குட்டிக் கைகள் நீண்டு மெல்லிய இழைகளைப் பிடித்து இழுக்கின்றன. தசை சுருங்கும்போது இந்த இழைகள் ஒன்றையொன்று ஒட்டி வழுக்கிப் போகின்றன என்பதை 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒரே நேரத்தில் எழுதின. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றதில் ஹியூ ஹக்ஸ்லி. இரண்டு பேரும் உறவே இல்லை. நம்ப முடிகிறதா?

மணிக்கட்டை மடக்கியபோது உன் முன்கைத் தசை அளவுக்கு மீறிச் சுருங்கிவிட்டது. வடம் சுருண்ட தேர். பேனா போய்விட்டது. பருத்த கம்பியைப் பிடிக்கும்போது நேர்மாறு. கை விரிந்து, தசை நீண்டு நிற்கிறது. அந்த நிலையிலும் விடாமல் பிடிக்கப் பழகுவதுதான் அண்ணன் செய்கிற வேலை.

உனக்கும் ஒரு ரப்பர் வேண்டும் என்று கேட்கப் போகிறாய். தெரியும். வேண்டாம் கண்ணு. உன் எலும்புகளின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கே எலும்பு முழுக்கக் கெட்டியாகவில்லை. ஆள் துணையில்லாமல் பெரிய எடையோடு விளையாட இது வயதில்லை. மாமரத்துக் கிளையில் தொங்கலாமே! கிளை பருமனாக இருந்தால் அதுவே பருத்த கம்பிதான். பூங்காவில் ஏணிக்கம்பியில் குரங்கு மாதிரிப் போகலாம். ஈரத் துண்டைப் பிழியலாம். என் பாட்டியின் முன்கை கயிறு திரித்த மாதிரி இருக்கும். தினமும் உலக்கை பிடித்த கை அது. நாங்கள் பேரன்கள் மூன்று பேர் சேர்ந்தும் அவர் முஷ்டிக்குள் இருந்த பொட்டுக்கடலையைப் பிடுங்க முடிந்ததில்லை.

வாளிச் சோதனை செய்ய ஆசை என்றால் செய். பாதி வாளி தண்ணீர் போதும். பிடியில் ஒரு கைக்குட்டையைச் சுற்றித் தூக்கி நின்று எண்ணு. நன்றாக ஓய்வெடு. பிறகு பெரிய துண்டைச் சுற்றி, கட்டை விரலும் மற்ற விரல்களும் தொட முடியாதபடி பருமனாக்கித் தூக்கு. ஒரே வாளி, ஒரே தண்ணீர், ஒரே கை. மாறியது பருமன் மட்டும். அடுத்த நாள் வரிசையை மாற்றிச் செய், துண்டு முதலில், கைக்குட்டை பிறகு. ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று நீயே யோசித்து வைத்திரு.

மாடி வீட்டுப் பெண் நேற்றே செய்துவிட்டாள், அதுவும் அண்ணனை வைத்து. கைக்குட்டையோடு முழு வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினானாம். துண்டு சுற்றியதும் முதல் மாடித் திருப்பத்திலேயே வாளியைக் கீழே வைத்துவிட்டானாம். “கை வியர்த்துப்போச்சு, அதான்” என்கிறானாம்.

“வியர்வை காரணமா இருக்குமா மாமா?”

இருக்கலாம். அது உராய்வு பற்றிய கேள்வி. அதற்கு இன்னொரு வாளியும் கொஞ்சம் முகப்பவுடரும் வேண்டும். அண்ணனும் மறுபடி வர வேண்டும். வருவானா என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவள் மாடிக்கு ஓடியிருக்கிறாள்.